வெள்ளைச் சேவலைத் தொடாதே

தகரக் கதவில் காதை வைத்துக் கேட்டாள் மரகதம். உள்ளே சத்தமில்லை.

கினிக்கோழி கத்தினால் பயமில்லை. பாம்பு வந்தால் கத்தும், ஆள் வந்தால் கத்தும், லாரி வந்தால் கத்தும், எதுவும் வராவிட்டாலும் கத்தும். பிரஸ் மிஷின் இரும்புத் தகட்டை அடிக்கிற சத்தத்தையே அமுக்கிவிடுகிற தொண்டை அதற்கு. அது வாயை மூடிக்கொண்டு இருந்தால்தான் அவளுக்குப் பயம்.

தாழ்ப்பாளை நீக்கினாள். சாம்பல் உடம்பில் வெள்ளைப் பொட்டுகளும், நீல முகமும், தலையில் எலும்புக் கொண்டையுமாகக் கூட்டம் அவள் முழங்காலில் இடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. எல்லாவற்றுக்கும் கடைசியாக, அவசரமே இல்லாமல், வெள்ளைச் சேவல் நடந்து வந்தது. அதன் மார்பில் ரத்தம்.

அது அதனுடைய ரத்தம் இல்லை என்பது மரகதத்துக்குத் தெரியும்.

உள்ளே குனிந்து போனாள். தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் தலையைச் செருகிக்கொண்டு ஒரு பெட்டை கிடந்தது. முதுகில் ஒரு இறகு பாக்கியில்லை. தோல் கிழிந்து, உள்ளே சதை துடிப்பது தெரிந்தது. துடிக்கிறது என்றால் உயிர் இருக்கிறது.

"செத்துடாத தாயே," என்றாள் மரகதம். "உன் கால்ல வேணா வுயுறேன். செத்து மட்டும் தொலைச்சிடாத."

ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து வல்லக்கோட்டை போகிற வழியில், ஏரிக்குக் கீழே கிடந்த பொட்டலில் எழும்பிய கம்பெனி அது. கார்களுக்கும் வேன்களுக்கும் தகடு அடித்துக் கொடுத்தார்கள். ஷெட் இரண்டுதான். மிச்சமெல்லாம் முள்ளும் கரையான் புற்றும். போன மழைக்கு, ஷிப்டுக்கு வந்த ஒருவரைக் கழிவறை வாசலில் விரியன் கடித்துவிட்டது. அதன்பிறகு ஆட்கள் ஷெட்டை விட்டு வெளியே கால் வைக்கவே யோசித்தார்கள். முதலாளி பெங்களூரிலிருந்து ஒரு வேன் நிறையக் கினிக்கோழியைக் கொண்டுவந்து இறக்கினார். பாம்பைக் கண்டால் சுற்றி வளைத்துக் கொத்தும், திருடனைக் கண்டால் ஊரைக் கூட்டும், போனஸ் கேட்காது.

அந்த வேனில் வெள்ளை ஒன்றே ஒன்றுதான். அது வந்து இறங்கிய வாரம் கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் கிடைத்தது. ஜோசியரும் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டார். அன்றிலிருந்து முதலாளி வந்தால், காருக்குள் உட்கார்ந்தபடியே வெள்ளைச் சேவலின் முகத்தில் விழித்த பிறகுதான் தரையில் கால் வைப்பார்.

மரகதத்தின் புருஷன் கன்னியப்பன் அங்கே கேட் வாட்ச்மேன். அவளுக்குக் கோழிகளைப் பார்த்துக்கொள்வதும் காம்பவுண்டைப் பெருக்குவதும் வேலை. கேட்டுக்குப் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை அவர்களுக்கு. மகள் கங்கா மட்டும் மணிமங்கலத்தில், மரகதத்தின் அண்ணன் வீட்டில். அங்கே அண்ணி சோற்றோடு சொல்லும் சேர்த்துத்தான் போடுவாள்.

"ஒழுங்கா இருங்க. தீபாவளி கழிச்சுப் பொண்ணைக் கூட்டியாந்து வெச்சிக்க நான் பர்மிஷன் வாங்கித் தரேன்," என்று அட்மின் ஆபீசர் முனிரத்தினம் சொல்லியிருந்தார். ஆனால் போன வாரம் ஒரு பெட்டை செத்தபோது அவருடைய பேச்சு வேறு மாதிரி இருந்தது.

"இன்னொண்ணு செத்துதுன்னு வெச்சுக்கோ, புருஷனும் பொண்டாட்டியும் மூட்டையைக் கட்டிக்க வேண்டியதுதான். முதலாளிகிட்ட நான் பதில் சொல்ல முடியாது."

"அந்த வெள்ளைதான் சார் அடிக்குது."

"வெள்ளையைத் தொட்ட, கோழி சாவுறதுக்கு முன்னாடியே வெளிய போயிடுவ. தெரியுதா?"

செத்துப்போன பெட்டையையும் முதலில் அடித்தது வெள்ளைதான். தோளைத் தூக்கி, தலையைத் தாழ்த்தி, அம்பு மாதிரி ஓடிவரும். வாலைக் கவ்வி இறகைப் பிடுங்கும். தீனிப் பக்கம் அண்ட விடாது. மரகதம் அந்தப் பெட்டையைத் தனியே எடுத்துக்கொண்டுபோய் அறையில் வைத்து, கம்பெனி முதலுதவிப் பெட்டியிலிருந்த சிவப்பு மருந்தைத் தடவி, ஒரு வாரம் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டாள். புண் ஆறியதும் மறுபடி சிவப்பு மருந்தைப் பூசிக் கூட்டத்தில் விட்டாள். அன்று வெள்ளை பக்கத்தில்கூட வரவில்லை. மற்றதெல்லாம் சேர்ந்துகொண்டு விழுந்தன. அவள் துடைப்பத்தோடு ஓடிவருவதற்குள் முடிந்துவிட்டது.

இப்போது மடியில் கிடக்கிற இந்தப் பெட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் கேன்டீன் பின்கட்டில் போய் நின்றாள். அங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஞானம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாடி கையெல்லாம் ரத்தம்? ஆபீசர்கிட்ட வாங்குற கொத்து பத்தாதுன்னு கோழிகிட்டயும் வாங்குறியா?"

"வெளையாடாதக்கா. இது செத்தா நான் காலி. கங்காவை இட்டாந்துக்கலாம்னு கனா கண்டுகினு இருந்தேன்."

"அழுவாத. ஸ்ரீபெரும்புதூர் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கினு போ. அங்க கம்பவுண்டர் அப்பாவு இருப்பாரு. திட்டுவாரு, ஆனா வைத்தியம் பண்ணுவாரு. பெருக்குற வேலையை நான் பாத்துக்கறேன். சீக்கிரம் கெளம்பு."

பெட்டையைப் பழந்துணியில் சுற்றிக் கூடையில் வைத்து பஸ் ஏறினாள். ஊருக்குள் நுழையுமுன் பஸ்ஸை நிறுத்தினார்கள். மே மாதம் ஸ்ரீபெரும்புதூர்க் கூட்டத்தில் குண்டு வெடித்துத் தலைவர் செத்ததிலிருந்து அந்த ரோட்டில் அதுதான் வழக்கம். ஒரு போலீஸ்காரர் லத்தியோடு ஏறி, ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டே வந்து அவள் எதிரில் நின்றார்.

"கூடையில இன்னா?"

"கோழி சார்."

"கோழி இன்னாத்துக்குத் துணி சுத்திக்கினு கீது?"

"அடிபட்டது சார். ஆஸ்பத்திரிக்கு."

"கோழிக்கு ஆஸ்பத்திரியா? எங்க வூட்ல அடிபட்டா நேரா கொயம்புதான்."

பஸ் சிரித்தது. மரகதத்துக்குச் சிரிப்பு வரவில்லை. லத்தியின் நுனி துணியை விலக்கியது. பச்சைப் புண்ணைப் பார்த்ததும் போலீஸ்காரரின் முகம் சுருங்கியது.

"எந்தக் கம்பெனி? அங்க புதுசா யாராச்சும் வந்து தங்கிக்கினு கீறாங்களா?"

"இல்ல சார். நானும் எம் புருஷனும்தான்."

"உம் புருஷன் பேரு?"

சொன்னாள். சொன்ன பிறகு, ஏன் சொன்னோம் என்று இருந்தது. அவர் இறங்கிப்போய் பஸ் நகர்ந்த பிறகும், புருஷனின் பெயர் அந்தக் காக்கிச் சட்டைப் பையில் போய் உட்கார்ந்துகொண்ட மாதிரியே அவளுக்குப் பட்டது.

ஆஸ்பத்திரியில் அப்பாவு கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு புண்ணைப் பார்த்தார். மரகதம் செத்துப்போன பெட்டையின் கதையையும் சொல்லி முடித்தாள்.

"சிகப்பு மருந்து போட்டியா? யாரும்மா உனக்குப் போடச் சொன்னது?"

"கம்பெனி டப்பாவுல இருந்துச்சு சார்."

"அது மனுசனுக்கு. கோழி கண்ணுக்குச் சிகப்பு கண்டா ரத்தம். நீயே பொட்டு வெச்சு, இங்க கொத்துங்கடான்னு காட்டிட்டு வந்திருக்க." வேப்பெண்ணெயில் கரித்தூளைக் குழைத்துப் பெட்டையின் முதுகில் கருகருவென்று அப்பினார். "இந்தா, இது போடு. சரி, அடிபட்டதைத் தனியா பிரிச்சு வெச்ச இல்ல?"

"ஒரு வாரம் சார். ராத்திரி பகலா பாத்தேன்."

"அங்கதான் தப்பு. அது இல்லாதப்ப மத்ததெல்லாம் ஒரு செட்டா ஆயிடும். இது திரும்பி வந்தா வேத்தாளு. எல்லாம் சேந்து மேல வுயும். பிரிக்க வேண்டியது அடி வாங்கினதை இல்லம்மா. அடிக்கிறதை."

"அடிக்கிறதையா?"

"பத்து நாளு கூட்டத்தோட கண்ணுல படாம, காதுல விழாம தள்ளி வை. அதோட திமிரு எறங்கணும். திரும்ப விடும்போதும் தடால்னு விட்டுடாத. கூடை போட்டு மூடி, கூட்டத்துக்கு நடுவுல ரெண்டு நாளு வை. ஒண்ணை ஒண்ணு பாத்துக்கட்டும். அப்புறம் தொற. தீனியையும் ஒரே எடத்துல கொட்டாத. நாலா பக்கம் தூவு."

"சார், அடிக்கிறது முதலாளியோட கோழி."

அப்பாவு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதுக்கு எங்கிட்ட மருந்து இல்லம்மா."

அவள் திரும்பி வந்தபோது கன்னியப்பன் கேட்டில் நின்றிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் செத்துப்போனது.

"வேணாம் மே. வெள்ளையைத் தொடாதன்னு வாயால சொல்லிக்கீறாரு."

"தொடலன்னா இன்னொண்ணு சாவும் மாமா. அப்பவும் வெளியதான்."

சொல்லி வாய் மூடவில்லை, முனிரத்தினத்தின் ஸ்கூட்டர் வந்து நின்றது. வெள்ளையைப் பிரித்து வைக்க வேண்டும் என்று மரகதம் ஆரம்பித்தாள். ஆபீசர் கையைக் காட்டி அவளைத் தடுத்த அதே சமயம், வேலியோரமாக ஒரு பெட்டை தலைதெறிக்க ஓடிவந்தது. அதன் பின்னால் வெள்ளை. பெட்டை ஸ்கூட்டருக்கு அடியில் புகுந்தது. வெள்ளை விடவில்லை. இரண்டும் ஆபீசரின் காலுக்கு நடுவே கட்டிப் புரண்டு எழுந்தபோது, இஸ்திரி மடிப்புக் கலையாத அவருடைய பேன்ட்டில் சிவப்பாக ஒரு கோடு.

"சீ! கஸ்மாலம்!"

"இப்ப பாத்தீங்களா சார்? இது வேற பெட்டை. நாளைக்கு இன்னொண்ணு."

முனிரத்தினம் கைக்குட்டையால் பேன்ட்டைத் துடைத்தார். ஷெட் பக்கம் ஒரு தரம் பார்த்தார். குரல் இறங்கியது.

"முதலாளி மிஷின் வாங்க ஜெர்மனி போயிருக்காரு. ஆடி கழிச்சுத்தான் வருவாரு. வரும்போது ஒரு கோழிகூடக் குறையக் கூடாது. அந்த வெள்ளையைப் பிரிச்சு வெச்சாத்தான் ஆவும்னா வெச்சுக்கோ. உன் ரூம்லயே வை. எவன் கண்ணுலயும் பட வேணாம். நான் சொன்னேன்னு வெளிய வந்தா அவ்ளோதான்."

"சரி சார்."

"கன்னியப்பா, உனக்கும்தான்."

"சரிங்க சார்," என்றான் கன்னியப்பன். கேட் தாழ்ப்பாளைப் பிடித்திருந்த கையை அவன் எடுக்கவே இல்லை.

கோணிப்பையைப் போர்த்தி வெள்ளையைப் பிடித்தாள் மரகதம். முழங்கை வரை கீறிவிட்டது. அறை மூலையில் கோழி கவிழ்க்கும் மூங்கில் கூடையால் மூடி, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தாள். கோழிக் கொட்டகை காம்பவுண்டின் அந்தக் கோடியில், ஷெட்டுக்குப் பின்னால். இங்கே கத்தினால் அங்கே கேட்காது. ஆனால் கேட்டுக்கு வருகிறவர்களுக்குக் கேட்கும். அது கத்தும்போதெல்லாம் கன்னியப்பன் இருமினான். லாரி டிரைவர் ஒருவர், "இன்னா வாட்ச்மேன், டி.பி.யா?" என்றுகூடக் கேட்டுவிட்டார்.

"இது நம்ம குடியைக் கெடுக்காம போவாது மே."

"ஆபீசரே சொல்லிட்டாரு. அப்புறம் இன்னா பயம்?"

"அவரு சொன்னதை ரெண்டாவது தரம் சொல்லுவாரா? அதான் பயம்."

கொட்டகைப் பக்கம் வேறு உலகமாகிவிட்டது. முதல் இரண்டு நாள் கூட்டம் எதையோ தொலைத்த மாதிரி அங்குமிங்கும் ஓடிக் கத்தியது. பிறகு அடங்கியது. மரகதம் நாலா பக்கமும் தீனியைத் தூவினாள். கரி பூசிய பெட்டை முதலில் தொட்டியின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. ஓரடி வந்தது. யாரும் துரத்தவில்லை. இன்னும் ஓரடி வைத்தது. ஒரு வாரத்துக்குள் அது கூட்டத்துக்கு நடுவே நின்று, பக்கத்துக் கோழியின் இறக்கையில் உரசிக்கொண்டே தின்றது.

பார்க்கப் பார்க்க மரகதத்துக்குச் சிரிப்பாக வந்தது. பயம் மட்டும் போகவில்லை. கொட்டகையிலிருந்து கிளம்பி அறை மூலையில் வந்து உட்கார்ந்துகொண்டது. கூடைக்குள்ளே வெள்ளை மூங்கில் பிளவுகளில் தலையை முட்டி முட்டி, நெற்றியில் தோல் உரிந்திருந்தது. பழைய நிமிர்வு இல்லை. அவள் தண்ணீர் வைத்தால் பின்னால் நகர்ந்து, அவள் கையை எடுத்த பிறகே வந்து குடித்தது. நாளையோடு பத்து நாள்; கூடையோடு தூக்கிப்போய்க் கூட்டத்துக்கு நடுவில் வைத்துவிட வேண்டும். ரெண்டு நாள் பார்த்துக்கொள்ளட்டும். பிறகு திறந்துவிட்டால் தீர்ந்தது. முதலாளி வரும்போது எல்லாம் முழுசாக இருக்கும். தீபாவளிக்குக் கங்கா வந்துவிடுவாள்.

அன்று முற்பகல், அவள் காம்பவுண்டு ஓரத்தில் சருகு கூட்டிக்கொண்டிருந்தபோது கேட்டுக்கு வெளியே ஹார்ன் அடித்தது. நீளமாக இரண்டு தரம். லாரி ஹார்ன் இல்லை.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

ஆடி கழியும் முன்பே, மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்திருந்தார் முதலாளி. கார் உள்ளே வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. கதவு திறக்கவில்லை. சீட்டில் சாய்ந்தபடி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். முனிரத்தினம் ஆபீசிலிருந்து ஓட்டமாக ஓடிவந்தார்.

"எங்கே என் சேவல்?"

"இங்கதான் சார் இருக்கும். மேயப் போயிருக்கும். ஆளை விட்டுத் தேடச் சொல்றேன் சார்."

கார் ஹார்னைக் கேட்டதாலோ என்னவோ, வாட்ச்மேன் அறைக்குள்ளிருந்து வெள்ளை தன் முழுத் தொண்டையையும் திறந்து கத்தியது. கன்னியப்பன் இருமிப் பார்த்தான். பிரயோசனமில்லை. மறுபடி கத்தியது.

முதலாளி முதல் தடவையாக, எதன் முகத்திலும் விழிக்காமல் காரை விட்டு இறங்கினார்.

அறைக் கதவைத் தள்ளி, அம்மிக்கல்லை இறக்கி, கூடையைத் தூக்கியது முனிரத்தினம்தான். நெற்றித் தோல் உரிந்து, எச்சம் ஒட்டிய இறகோடு வெள்ளை சுவரோரம் ஒடுங்கி நின்றது.

"பாத்தீங்களா சார்? உள்ள மூடி வெச்சிருக்காங்க. எனக்குத் தெரியவே தெரியாது சார். நீங்க வெளிநாட்டுல இருக்கீங்கன்னு தெரிஞ்சு போச்சு. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா பிரியாணி."

மரகதம் அப்போதுதான் மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றாள். காதில் விழுந்தது புரிய ஒரு கணம் ஆயிற்று.

"சார்... நீங்கதானே சார்..."

"நீ சும்மா இரு!"

முதலாளி சேவலைத் தானே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தார். மரகதம் பின்னால் ஓடினாள்.

"அய்யா, விட்டுடாதீங்க அய்யா! இப்ப வாணாம்! கூடையோட வெச்சு ரெண்டு நாள் பாத்துக்கணும் அய்யா, ஆஸ்பத்திரியில சொன்னாங்க. இப்ப விட்டா அடிக்கும் அய்யா!"

"எது அடிக்கும்? இது இந்தக் கூட்டத்துக்கு ராஜாம்மா," என்று சொல்லிக்கொண்டே குனிந்து விட்டார்.

வெள்ளை இரண்டடி வைத்தது. மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் நிமிர்ந்தது. ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு நாலா பக்கத்திலிருந்தும் தோளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தன. வெள்ளை திரும்பி ஓடப் பார்த்தது. வேலியோரம் மடக்கிவிட்டன. வெள்ளை இறகுகள் பறந்தன. கொத்துகிற கூட்டத்தில் கரி பூசிய பெட்டையும் இருந்தது. டிரைவர் துண்டை வீசித் துரத்த, மரகதம் நடுவே விழுந்து புரண்டு வெள்ளையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவள் ரவிக்கை நனைந்தது.

முதலாளி தன் சட்டையில் ஒட்டிய வெள்ளை இறகை எடுத்துப் பார்த்தார். கோபத்தை விடப் பயம்தான் அவர் முகத்தில் அதிகம் இருந்தது. ஜெர்மனியில் வாங்கிய மிஷின் கப்பலில் ஏற வேண்டிய நேரம் அது.

"என்ன பண்ணி வெச்சிருக்கா பாருங்க முனிரத்தினம். ராஜா மாதிரி இருந்ததை."

"ஆபீசர் சார்தான் அய்யா பிரிச்சு வெக்கச் சொன்னாரு!" மரகதத்தின் குரல் கிறீச்சிட்டது. "சாமி சத்தியமா! ஸ்கூட்டரை நிறுத்திட்டுச் சொன்னாரு. எம் புருஷன் பக்கத்துலயே நின்னாரு. கேளுங்க அய்யா, அவரைக் கேளுங்க!"

பின்னாலேயே வந்திருந்த கன்னியப்பனை எல்லோரும் பார்த்தார்கள். அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

"ஏம்பா? இவர் சொன்னாரா?" என்றார் முதலாளி.

முனிரத்தினம் அவனைப் பார்க்கவில்லை. ஸ்கூட்டர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். "யோசிச்சுச் சொல்லு கன்னியப்பா. போலீஸ் வந்து கேட்டாலும் இதையேதான் சொல்லணும். இப்ப இருக்கிற நெலமையில ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனா எப்ப விடுவான்னு எனக்குத் தெரியாது."

மரகதம் புருஷனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு... தெரியாதுங்க அய்யா. நான் கேட்டாண்ட இருந்தேன்."

"போலீஸெல்லாம் வேண்டாம்," என்றார் முதலாளி. "அந்தப் பொம்பளையை இன்னிக்கே அனுப்பிடுங்க. இனிமே காம்பவுண்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. இவன் பாவம், இருந்துட்டுப் போகட்டும். யாராவது டாக்டரைக் கூப்பிடுங்கப்பா முதல்ல."

அவள் கையிலிருந்து சேவலை டிரைவர் வாங்கிக்கொண்டான். காரில் பின் சீட்டில் டர்க்கி டவல் விரித்து அதைப் படுக்க வைத்தார்கள்.

அறையில் மூட்டை கட்ட அதிக நேரம் ஆகவில்லை. கன்னியப்பன் வாசலில் வந்து நின்றான்.

"மே..."

அவள் புடவையை மடித்தாள்.

"ரெண்டு பேருமா வெளிய போயிட்டா கங்காவுக்கு இன்னா பண்றது, சொல்லு. உங்கண்ணி வூட்ல எத்தினி நாளு... ஒருத்தராச்சும் உள்ள இருக்கணும் இல்ல? கொஞ்ச நாளு போவட்டும், நான் ஆபீசர் கால்ல வுய்ந்தாவது..."

"நீ கேட்டாண்டதான மாமா இருந்த," என்றாள் மரகதம். "அங்கயே போய் இரு."

அவன் போனான்.

முதல் ஷிப்டு முடிந்து சங்கு ஊதியபோது அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ஷெட்டிலிருந்து வந்த ஆட்கள் கேட்டில் வரிசையாக நின்றார்கள். யாராக இருந்தாலும் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். பெண்களானால் புடவை மடியை உதறிக் காட்ட வேண்டும். ஒரு திருகாணி போகக் கூடாது என்பது சட்டம். ஞானம்மா வரிசையில் நின்றவள், மரகதத்தைக் கண்டதும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கேட்டோரம் நின்றிருந்த முனிரத்தினத்தைப் பார்த்துவிட்டு, தன் பையைக் காட்டி, தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனாள்.

எல்லோரும் போனார்கள். மரகதம் மட்டும் மிச்சம்.

"போவலாமா?" என்றாள்.

கன்னியப்பன் ஒதுங்கி வழிவிட்டான்.

"இன்னாய்யா புதுப் பழக்கம்?" என்றார் முனிரத்தினம். "சொந்தக்காரங்கன்னா தனி சட்டமா? செக் பண்ணு."

கன்னியப்பன் பையை வாங்கினான். இரண்டு புடவையை எடுத்து உதறினான். சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து மூடினான். கங்காவுக்கென்று அவள் வாங்கி வைத்திருந்த ரிப்பன் சுருளைப் பிரித்துப் பார்த்து, மறுபடி சுற்றத் தெரியாமல் அப்படியே உள்ளே போட்டான். பையை நீட்டினான்.

"மடி?" என்றார் முனிரத்தினம்.

கன்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டே, வரிசையில் வருகிற எல்லாப் பெண்களிடமும் சொல்கிற குரலில் சொன்னான்.

"மடியை உதறும்மா."

மரகதம் அவனை ஒரு பார்வை பார்த்தாள். இடுப்பில் செருகியிருந்த மடியை இழுத்து உதறினாள். காலையில் கோழிகளுக்குத் தூவியது போக மடிப்பில் தங்கியிருந்த மக்காச்சோளக் குருணை, ஒரு பிடிகூட இருக்காது, கேட் ஓடுகிற இரும்புத் தண்டவாளத்தின் மேல் சிதறி விழுந்தது.

முனிரத்தினம் குருணையைப் பார்த்தார். பிறகு கன்னியப்பனைப் பார்த்தார். கம்பெனித் தீனி அது.

கன்னியப்பன் தொப்பியைக் கழற்றி மல்லாக்க வைத்துக்கொண்டு, பெண்டாட்டியின் காலடியில் குத்தவைத்து உட்கார்ந்து, தண்டவாளத்தின் சந்திலிருந்து ஒவ்வொரு குருணையாகப் பொறுக்கி அதில் போடத் தொடங்கினான்.